லெக்சிங்டன் பண்ணையும் ஒரு விண்ணப்பப் படிவமும்

அமெரிக்காவில் போதை அடிமைத்தனம் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்யும் மாணவர்கள் விண்ணப்பிக்கும் அரசு உதவித்தொகைகளில் ஒன்று எஃப்-31. ஆய்வுத் திட்டம், நெறியாளரின் உறுதிமொழி, பயிற்சித் திட்டம் என்று விண்ணப்பத்தில் பல பகுதிகள். ஆய்வில் மனிதர்கள் பங்கேற்றால் இன்னொரு கேள்விக்கும் பதில் எழுத வேண்டும்: அவர்களுக்குத் தீங்கு நேராமல் எப்படிக் காக்கப் போகிறீர்கள்?

இந்தக் கேள்வி போதை ஆய்வில் தொடக்கம் முதல் இருந்ததில்லை. போதை ஆய்வுக்குப் பணம் வந்து அரை நூற்றாண்டு கழித்தே அது சட்டத்தில் இடம்பெற்றது. அந்த அரை நூற்றாண்டின் பெரும்பகுதி கென்டக்கி மாநிலத்தில், லெக்சிங்டன் ஊருக்கு வெளியே இருந்த ஒரு பண்ணையில் கழிந்தது.

முதலில் வந்தது அரசுப் பணம் அல்ல, ராக்ஃபெல்லர் பணம். ஜான் டி. ராக்ஃபெல்லர் ஜூனியர் நிறுவிய சமூக நலக் கழகம் 1921-இல் போதைப்பழக்கத்தை ஆராய ஒரு குழுவை அமைத்தது. அந்தக் குழுவின் ஆதரவில் சார்லஸ் டெர்ரியும் மில்ட்ரெட் பெலன்ஸும் அபின் பிரச்சினை குறித்து அதுவரை எழுதப்பட்ட அனைத்தையும் திரட்டி, 1928-இல் ஆயிரம் பக்கங்களுக்கு மேல் நீளும் நூலாக வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு இந்தப் பணி தேசிய ஆராய்ச்சி மன்றத்தின் கைக்கு மாறியது. மன்றம் தனக்கு வைத்துக்கொண்ட இலக்கு ஒன்றுதான்: மார்பினைப் போல வலியைப் போக்க வேண்டும், ஆனால் அடிமையாக்கக் கூடாது. அப்படி ஒரு மருந்தைத் தேடி வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் லிண்டன் ஸ்மால் புதுப்புது வேதிப்பொருள்களை உருவாக்கினார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நேதன் எடி அவற்றை விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்.

விலங்குகளுக்குப் பிறகு மனிதர்களிடம் சோதிக்க வேண்டும். எந்த மனிதர்களிடம்?

1914-இல் வந்த ஹாரிசன் சட்டம் போதைப்பொருள் விற்பனையைக் கட்டுப்படுத்தியதிலிருந்து, மத்தியச் சிறைகளில் போதைக்கு அடிமையானவர்கள் வந்து குவிந்தார்கள். அவர்களுக்கென இரண்டு பண்ணைகள் அமைக்க 1929-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. முதல் பண்ணை லெக்சிங்டனில் சுமார் 1,000 ஏக்கரில் எழுந்து, 1935 மே 25 அன்று திறக்கப்பட்டது. சிறை, மருத்துவமனை, பண்ணை, ஆய்வகம் ஆகிய நான்கும் ஒரே வளாகத்தில் இருந்தன. கைதிகளோடு, தாமாக வந்து சேர்ந்த நோயாளிகளும் அங்கே தங்கினார்கள். மாடு மேய்த்தார்கள், துணி தைத்தார்கள். ஜாஸ் இசைக் கலைஞர்கள் சானி ரோலின்ஸும் செட் பேக்கரும் அந்த வளாகத்தில் இருந்துவிட்டு வந்தவர்கள்தான்.

அங்கிருந்த ஆய்வகம்தான் பின்னாளில் போதை ஆய்வு மையம் என்று பெயர் பெற்றது. அதன் சாதனைகளை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. மார்பினை நிறுத்தியதும் உடல் படும் பாட்டைப் புள்ளிகளிட்டு அளக்கும் முறையை கிளிஃப்டன் ஹிம்மல்ஸ்பாக் வகுத்தார். போதையை விட்டுப் பல காலம் ஆனவர்கூடப் பழைய தெருவையும் பழைய கூட்டாளிகளையும் பார்த்ததும் ஏன் மறுபடி விழுகிறார் என்பதற்கு, பழக்கப்பட்ட தூண்டல்களே காரணம் என்று ஆபிரகாம் விக்லர் விளக்கம் தந்தார். குடியை நிறுத்தும்போது வரும் வலிப்பும் பிதற்றலும் சத்துக்குறைவால் வருபவை என்று பலர் நம்பிய காலத்தில், ஹாரிஸ் இஸ்பெல் 1955-இல் வெளியிட்ட ஆய்வு, குடியைத் திடீரென நிறுத்துவதே காரணம் என்று காட்டியது. வில்லியம் மார்ட்டின் 1976-இல், மார்பின் போன்றவை உடலில் பற்றிக்கொள்ளும் ஓபியாய்டு ஏற்பிகள் ஒன்றல்ல, பலவகை என்று முன்வைத்தார். நால்ட்ரெக்சோன், புப்ரெனார்ஃபின் ஆகிய மருந்துகளின் முக்கியமான தொடக்கச் சோதனைகளும் அங்கே நடந்தவை. இந்தியாவின் மாற்று மருந்துச் சிகிச்சை மையங்களில் இன்று கொடுக்கப்படும் புப்ரெனார்ஃபின் அந்த வழியாக வந்ததே.

இத்தனைக்கும் உடலைக் கொடுத்தவர்கள் கைதிகள். இஸ்பெல்லின் அந்த ஆய்வில் பங்கேற்றவர்கள் 10 பேர். அவர்களில் 6 பேருக்கு 48 முதல் 87 நாள்கள் வரை தொடர்ந்து மது கொடுத்து, பிறகு ஒரேயடியாக நிறுத்தினார்கள். வலிப்பு வரும் வரை, பிதற்றல் தொடங்கும் வரை காத்திருந்து குறிப்பெடுத்தார்கள். 1950-களில் அமெரிக்க உளவுத்துறையின் மறைமுகப் பணத்தில், மாயத்தோற்றம் உண்டாக்கும் எல்.எஸ்.டி. பற்றிய ஆய்வுகளும் அங்கே நடந்தன. அவற்றில் ஒன்றில் 7 பேருக்கு 77 நாள்கள் இடைவிடாமல் அந்த மருந்து தரப்பட்டது.

எல்லோரும் கையெழுத்திட்டுச் சம்மதித்தவர்களே என்று ஆவணங்கள் சொல்கின்றன. ஆனால் அந்தச் சம்மதத்தின் விலை என்ன? சோதனைக்கு உடன்பட்ட கைதிக்குத் தண்டனைக் காலத்தில் சலுகை கிடைக்கும். அல்லது அவர் எதற்கு அடிமையோ அந்தப் போதை மருந்தே கூலியாகக் கிடைக்கும். போதையிலிருந்து மீட்பதற்காகக் கட்டிய இடத்தில் போதையையே சம்பளமாகக் கொடுத்தார்கள். பட்டினி கிடப்பவனிடம் சோற்றைக் காட்டி வாங்கிய சம்மதம் அது. எவ்வளவு அரிய கண்டுபிடிப்பும் அதை நியாயப்படுத்தாது.

திருப்பம் வேறொரு ஊரிலிருந்து வந்தது. அலபாமாவின் டஸ்கிகீயில் நூற்றுக்கணக்கான கறுப்பின ஆண்களின் மேகநோயை 40 ஆண்டுகள் சிகிச்சையளிக்காமல் வேடிக்கை பார்த்த ஆய்வு 1972-இல் செய்தியாக வெடித்தது. அந்த அதிர்ச்சியின் விளைவாக 1974 ஜூலையில் தேசிய ஆராய்ச்சிச் சட்டம் நிறைவேறியது. சட்டத்தில் இரண்டு பாகங்கள். முதல் பாகம் இளம் ஆய்வாளர்களுக்கு அரசு உதவித்தொகையை ஏற்படுத்தியது. எஃப்-31 அதன் வழியில் வருவது. இரண்டாம் பாகம் ஆய்வில் பங்கேற்கும் மனிதர்களைக் காக்க ஓர் ஆணையத்தை அமைத்தது. மாணவருக்குப் பணமும் பங்கேற்பாளருக்குப் பாதுகாப்பும் ஒரே சட்டத்தில், ஒரே நாளில் பிறந்தன. போதைப்பொருள் ஆய்வுக்கான தேசிய நிறுவனமும் அதே ஆண்டுதான் தொடங்கியது.

1975-இல் எட்வர்ட் கென்னடி தலைமையிலான செனட் குழு லெக்சிங்டனைப் பற்றி விசாரித்தது. முன்னாள் கைதிகளும் சாட்சி சொன்னார்கள், இஸ்பெல்லும் சாட்சி சொன்னார். 1976-இல் மத்தியச் சிறைக் கைதிகளை இப்படிச் சோதனைக்குப் பயன்படுத்துவது நிறுத்தப்பட்டது. போதை ஆய்வு மையம் பால்டிமோருக்கு இடம்பெயர்ந்தது. ஆணையத்தின் சிந்தனைகள் 1979-இல் பெல்மாண்ட் அறிக்கையாக வெளிவந்தன. மனிதருக்கு மரியாதை, நன்மை செய்தல், நீதி என்ற மூன்று நெறிகளை அது முன்வைத்தது. சுமையைச் சுமப்பவர் ஒருவர், பலனை அடைபவர் வேறொருவர் என்று இருக்கலாமா என்பதே நீதி என்ற நெறி எழுப்பும் கேள்வி. லெக்சிங்டனை நினைத்தால் அந்தக் கேள்வியின் கனம் புரியும்.

1974-இன் அந்த உதவித்தொகைக்கு 2002-இல் ரூத் கிர்ஷ்டைன் பெயர் சூட்டப்பட்டது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களில் ஒன்றுக்கு இயக்குநரான முதல் பெண் அவர். போதைப்பழக்கத்தில் சிக்கியவர்களை இன்று ஆராய வரும் மாணவர், கிர்ஷ்டைன் பெயர் தாங்கிய படிவத்தில் பங்கேற்பாளர் பாதுகாப்பு பற்றிய பகுதியை ஒரு சடங்காக நினைத்து நிரப்பிவிடக் கூடாது. எழுதும் முன் லெக்சிங்டனில் நடந்ததை ஒருமுறை படித்துவிட வேண்டும். திட்டம் எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும், பங்கேற்பாளர் பாதுகாப்பு பற்றி மதிப்பீட்டாளர்கள் எழுப்பும் ஐயம் தீரும் வரை நிதி வழங்கப்படுவதில்லை.