யூ-பூட்: ஒரு பெயர், இரு வேர்

லினக்ஸில் இயங்கும் சிறு கருவிகள் பலவற்றினுள்ளே ஓர் அழகிய பெயர் குடியிருக்கிறது: 'தாஸ் யூ-பூட்'. மின்சாரம் வந்ததும் இயக்குதளக் கருவான கெர்னலைத் தேடியெடுத்து நினைவகத்தில் ஏற்றி, பொறுப்பை அதனிடம் ஒப்படைத்து விலகும் மென்பொருளின் பெயர் இது.

மேக்னஸ் டாம், பவர்பிசி சில்லுகளுக்கென எழுதியபோது இதற்கு இட்ட பெயர் '8எக்ஸ்எக்ஸ்ரோம்'. எண்ணில் தொடங்கும் பெயரை, நிரல்களை வைக்கும் சோர்ஸ்ஃபோர்ஜ் தளம் ஏற்காமையால், 1999இல் வுல்ஃப்காங் டெங்க் இதனைப் 'பிபிசிபூட்' ஆக்கினார். பிற சில்லுக் குடும்பங்களும் வந்து சேரவே, ஒரு குடியின் பெயர் பொருந்தாமற் போய், 2002 நவம்பரில் 'யுனிவர்சல்' என்பதன் முதலெழுத்தைத் தலையிற் சூடி 'யூ-பூட்' பிறந்தது.

'பூட்' எங்கிருந்து வந்தது? உயர்ந்த காலணியை இழுத்து மாட்டுவதற்கு அதன் பின்புறம் தைத்த வார் 'பூட்ஸ்டிராப்'. அவ்வாரைப் பற்றித் தன்னைத் தானே தூக்குதல் இயலாச் செயலுக்கு ஆங்கிலம் பேசுவோர் சொன்ன வழக்கு. சிறுநிரலொன்று பெருநிரலை ஏற்றிவைக்கும் விந்தைக்கு 1950களில் கணிப்பொறியாளர் அதனை ஆள, வாய்வழக்கில் தேய்ந்து முதற்பாதி மட்டும் எஞ்சியது. டெங்க் செர்மானியர். அவர் மொழியில் அதே எழுத்துகள் 'ஊ-போட்' என்றொலித்து நீர்மூழ்கியைக் குறிக்கும். 1981இல் வந்த 'தாஸ் போட்' திரைப்படமும் அந்தப் பெயரில் எதிரொலிக்கிறது. காலணிச் சொல் பழம்பிரெஞ்சு தந்தது. படகுச் சொல் செர்மானியக் குடும்பத்தது. உரோமன் எழுத்தில் ஒன்றெனத் தோன்றும் இவ்விரண்டையும், ஒலியை எழுதும் நம்மெழுத்து பூட், போட் என இனிதே பிரித்துக் காட்டுகிறது! ஏர் பூட்டுவதோடு இந்தப் 'பூட்'டுக்கு உறவு கற்பிக்க வேண்டா. ஒலியொப்புமை வேரொப்புமை ஆகாது.

இனி, பெயரிலிருந்து பணிக்கு வருவோம். வன்தட்டு சுழன்று நிலைபெறச் சில நொடிகள் ஆகும். யூ.எஸ்.பி. வழி இணைத்த தட்டு எழுமுன் தேடினால் யூ-பூட் அதனைக் காணாது. தேடலுக்கு முன்னே 'ஸ்லீப்' ஆணையிட்டுச் சற்றே நிறுத்தலாம். அதன்பின் கெர்னலும் வேர்க் கோப்பமைப்பைக் காணாது முடங்கக்கூடும். அதற்கெனக் கெர்னலின் ஆணைவரியில் அமைந்த சொற்கள் இரண்டு: 'ரூட் டிலே' குறித்த நொடிகள் மட்டும் தாழ்த்தும், 'ரூட் வெயிட்' தட்டு வரும்வரை காத்திருக்கும். தாழ்த்தல் வேறு, காத்திருத்தல் வேறு என்பதைப் பெயர்களே உணர்த்துகின்றன. எழும் நேரம் உறுதியற்ற தட்டுக்குப் பின்னதே தக்கது. ஆயினும் பழுதான தட்டுக்கும் அது முடிவின்றிக் காத்திருக்குமாதலால், கருவி எழாது நின்றால் தட்டையும் அதன் மின்னிணைப்பையும் முதலிற் பாருங்கள்.