பால்விடர்: கோயில்களும் பெயர்களும்

ஸ்காட்லாந்தின் பழைய பெர்த்ஷயர் மாவட்டத்தைச் சேர்ந்த மலைப்பங்கு பால்விடர். வோயில் ஏரியின் கிழக்கு முனையில் அதன் தேவாலயம் நிற்கிறது. அதையொட்டிய குடியிருப்பின் பெயர் கிர்க்டன்: ஸ்காட்ஸ் மொழியில் 'கிர்க்' என்றால் கோயில், 'டன்' என்றால் குடியிருப்பு. மலை, நீர், புனிதர் பெயர்களோ கேலிக் மொழியில் இருக்கின்றன. இரு மொழிகள் அடுத்தடுத்துக் குடியிருந்த பள்ளத்தாக்கு இது.

இங்கே கிறிஸ்தவத்தைக் கொண்டுவந்தவர் புனித ஆங்கஸ் என்பது மரபு. கிழக்கிலிருந்து நடந்து வந்தவர், பள்ளத்தாக்கு கண்ணில் பட்டதும் மண்டியிட்டு ஆசி வழங்கினாராம். அந்த இடத்துக்கு 'ஆங்கஸின் ஆசி' என்றே கேலிக்கில் பெயர். 'ஆங்கஸின் கல்' என்னும் பலகைக்கல்லில் கிண்ணம் ஏந்திய குருவின் உருவம் செதுக்கப்பட்டிருக்கிறது. திருமணத்தின்போதும் ஞானஸ்நானத்தின்போதும் மக்கள் இதன்மேல் நிற்பது வழக்கமாக இருந்தது. அது மூடநம்பிக்கை என்று சொல்லிக் கல்லை ஒருகாலத்தில் வெளியே கல்லறைத் தோட்டத்துக்குத் தள்ளினார்கள். இப்போது அது மறுபடியும் கோயிலுக்குள் இருக்கிறது.

கோயிலுக்குப் பின்னாலுள்ள மேட்டின் பெயர் 'டோம் நன் ஐங்கல்'. 'ஐங்கல்' என்ற கேலிக் சொல்லுக்கு தேவதூதன் என்றும் பொருள், நெருப்பு என்றும் பொருள். வீட்டு அடுப்புகளை அணைத்துவிட்டு, இந்த மேட்டில் மூட்டிய புது நெருப்பிலிருந்து மீண்டும் பற்றவைத்தார்கள் என்கிறது ஊர்வழக்கு. அப்படியானால் தேவதூதர்கள் பிற்பாடு வந்து குடியேறியவர்களாக இருக்க வேண்டும்!

கோயில் எப்போதும் சாந்தமான இடமாக இருந்துவிடவில்லை. 1589இல் அரச வனக்காவலர் ஜான் டிரம்மண்டைக் கொன்றவர்கள் அவர் தலையை இங்கே எடுத்துவந்தார்கள். மக்ரெகர் குலத்தார் ஒவ்வொருவராக அதன்மேல் கைவைத்து, கொலைப்பழியில் தங்களுக்கும் பங்குண்டு என்று சத்தியம் செய்தார்கள்.

இன்று கல்லறைத் தோட்டத்தில் இடிந்து நிற்பது 1631இல் எழுந்த கோயில். 1664 முதல் 1685 வரை இந்தப் பங்கின் போதகராக இருந்தவர் ராபர்ட் கிர்க். கேலிக்கில் முழுச் சங்கீதப் புத்தகத்தை 1684இல் அச்சேற்றியவர் அவர். பின்னர் ஐரிஷ் வேதாகமத்தை ஸ்காட்லாந்து மக்கள் படிக்கும்படி ரோமன் எழுத்துக்கு மாற்றவும் உழைத்தார். அபர்ஃபாயிலுக்கு மாறிய பிறகு, மலைத் தேவதைகளைப் பற்றிய நூலொன்றையும் எழுதிவைத்தார். 1692இல் அவர் இறந்தபோது தேவதைகளே கொண்டுபோய்விட்டதாகப் பேச்சு எழுந்தது. போதகருக்குக் கிடைத்த விசித்திரமான புகழ்!

கட்டடக்கலைஞர் டேவிட் பிரைஸ் வடிவமைத்த இப்போதைய கோயில் 1855ஆம் ஆண்டினது. வருபவர்களில் பலர் அதற்குள் எட்டிப் பார்ப்பதில்லை. மக்ரெகர் குலத்தின் புகழ்பெற்ற கலகக்காரர் ராப் ராய் மக்ரெகரின் கல்லறையோடு திரும்பிவிடுகிறார்கள். அவர் 1734இல் இறந்தவர். மேலே கிடக்கும் செதுக்குக்கல் அவருக்கும் மூத்தது. 1603இல் மக்ரெகர் என்ற பெயரையே அரசு தடைசெய்தது. இடையில் தளர்ந்த தடை 1693இல் திரும்பவும் வந்தது, 1774இல்தான் நீங்கியது. அதனால் ராப் ராய், தாய்வழிப் பெயரான கேம்பெல் என்பதைச் சூடிக்கொண்டிருந்தார். கல்லறையில் இன்று எழுதியிருப்பது மக்ரெகர்.