அளவுகோலைக் காட்டுங்கள்!

1962ஆம் ஆண்டு, அமெரிக்காவின் சியாட்டில் நகரம். சிறுநீரகம் பழுதுபட்டோரின் குருதியைத் தூய்மை செய்யும் கருவிகளோ சில. காத்துக் கிடந்தோரோ பலர். யார் பிழைப்பது? ஏழு பேர் கொண்ட குழு கூடி முடிவு செய்தது. உறுப்பினர் பெயர் ஊருக்குத் தெரியாது. வயது, வருவாய், சொத்து, கல்வி ஆகியவற்றோடு, தேவாலயம் செல்பவரா என்பதையும் எடைபோட்டனர்! 'கடவுள் குழு' என்று அதற்குப் பெயர் வந்தது. பொருத்தமான பெயர்தான்! முகம் தெரியாது, முறையிட இடமும் கிடையாது.

அவ்வாண்டு நவம்பரில் 'லைஃப்' இதழ் உண்மையை வெளியிட்டது, விவாதம் மூண்டது. பத்தாண்டு கழித்து, 1972இல் வந்த சட்டம், பெரும்பாலோரின் சிகிச்சைச் செலவை அரசின் பொறுப்பாக்கிற்று. கருவிகள் பெருகின; குழு மறைந்தது.

ஓரவஞ்சனையும் மறைந்ததா? இல்லை! மாற்றுச் சிறுநீரகம் இன்றும் அரிய பொருள். அதற்கான வரிசையில், கருவியை நாடும் நிலை வருமுன்பே காத்திருப்புக் காலம் கணக்கிடப்பட வேண்டுமானால், சிறுநீரகத்தின் வடிதிறன் 20 அல்லது அதற்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். குருதியை ஆய்ந்து அதைக் கணிக்க ஒரு சூத்திரம். 2009இல் வந்த சூத்திரம், நோயாளி கறுப்பினத்தவர் என்றால் விடையை 1.159ஆல் பெருக்கச் சொன்னது. வயது ஒன்றே; குருதியில் கண்ட அளவும் ஒன்றே; வெள்ளையருக்கு 18, கறுப்பருக்கோ ஏறத்தாழ 21! முன்னவர் வரிசையில் நின்றார். பின்னவர் வாயிலிலேயே நிறுத்தப்பட்டார். கறுப்பருக்குத் தசை மிகுதி என்ற ஊகமே இதற்குச் சொல்லப்பட்ட காரணம். தோலைப் பார்த்துத் தசையை அளந்தனர். அதற்கு அறிவியல் என்று பெயரும் சூட்டினர்!

சூத்திரம் மருத்துவ ஏடுகளில் இருந்தது. ஆனால் தன் பெயர் ஏன் பட்டியலில் ஏறவில்லை என்று ஏங்கிய ஏழைக்கு அந்த ஏட்டை எடுத்துக் காட்டியவர் யார்? மருத்துவ மாணவரும் அறிஞரும் கேள்வி எழுப்பினர். 2021இல் இனம் நீக்கிய புதிய சூத்திரம் பிறந்தது. 2022இல் மாற்றுச் சிகிச்சைப் பட்டியலுக்குப் பழைய முறை தடுக்கப்பட்டது. 2023 சனவரி முதல், இழந்த காலத்தைத் திருப்பித் தரவும், பட்டியலில் உள்ளோர்க்கு அதனை அறிவிக்கவும் மருத்துவமனைகள் கட்டளை பெற்றன. 14,000க்கும் மேற்பட்டோரின் காத்திருப்புக் காலம் திருத்தப்பட்டது. காத்திருந்தே மாண்டவர்க்கு எதைத் திருப்பித் தருவது?

இன்று விதிகளை இணையத்தில் எவரும் காண வைப்பது எளிது. யார் தகுதியுடையார், ஏன், எந்தக் கணக்கால் என்பதை நோயாளி தன் மொழியிலே படித்தறிய வேண்டும். மூடிய அறையாயினும் மூடிய சூத்திரமாயினும், இருளில்தான் அநீதி வளரும்.

நோயாளிக்குத் தகுதி உண்டா என்று கேட்போரே, உங்கள் அளவுகோலுக்குத் தகுதி உண்டா? முதலில் அதைக் காட்டுங்கள்!