நடுக்குவாதத்துக்கு மூளை ஆபரேஷன்: ஜிஎச்-ல தொடங்கி லட்சங்கள்ல வந்து நிக்கிற கதை (த்ரெட்)

1/
"வயசாயிடுச்சு டாக்டர், கை நடுங்கத்தானே செய்யும்?" அரசு மருத்துவமனை ஓபியில இதை அடிக்கடி கேட்கலாம். எல்லா நடுக்கமும் வயசால வர்றது இல்லீங்க. அதுல சிலது பார்க்கின்சன் நோய். தமிழ்ல நடுக்குவாதம். இதுக்கு மாத்திரை இருக்கு. மாத்திரை கைகொடுக்காத கட்டத்துக்கு மூளையில ஆபரேஷனும் இருக்கு. நம்ம சென்னை ஜிஎச் டாக்டர்கள் 1960-கள்லயே அந்த ஆபரேஷன்ல பேர் வாங்கினவங்க. இன்னைக்கு அதே சிகிச்சை ஏன் சாமானியனுக்கு எட்டாத தூரத்துல நிக்குது? கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

2/
முதல்ல நோயோட கதை. 1817, லண்டன். ஜேம்ஸ் பார்க்கின்சன் பெரிய பேராசிரியர் எல்லாம் கிடையாது, தன் பகுதி மக்களுக்கு வைத்தியம் பார்த்த ஊர் டாக்டர். சாதாரண மக்களுக்கும் நாடாளுமன்றத்துல குரல் வேணும்னு துண்டுப் பிரசுரம் எழுதினவர். 6 பேரை வச்சு இந்த நோயைப் பத்தி ஒரு சின்ன நூல் எழுதினார். அந்த 6 பேர்ல சிலர் அவர் தெருவுல பார்த்தவங்க! சும்மா இருக்கும்போது கை நடுக்கம், முன்னால குனிஞ்ச உடம்பு, குட்டிக் குட்டி அடியா வேகமெடுக்கிற நடை. இன்னைக்கும் நாங்க தேடுறது இதைத்தான்.

3/
உள்ள என்ன நடக்குது? மூளையின் அடிப்பகுதியில கருப்பா ஒரு சின்ன இடம் இருக்கு. அங்க உள்ள செல்கள் டோபமின் என்ற ரசாயனத்தைச் சுரக்கும். அந்த செல்கள் அழிய அழிய, உடல் அசைவை ஒழுங்குபடுத்துற சர்க்யூட்ல பிரேக் இறுகிடும். ஹேண்ட் பிரேக்கை எடுக்காம வண்டி ஓட்டுற மாதிரி. ஆனா டோபமின் குறைபாடுதான் காரணம்னு 1960-லதான் தெரிய வந்துச்சு. அதுவரை சர்ஜன்கள் இருட்டுலதான் தேடினாங்க.

4/
கை கால் அசைவுக்கு உத்தரவு போடுற மூளையின் மேற்பகுதியை ஆரம்பத்துல வெட்டி எடுத்துப் பார்த்தாங்க. நடுக்கம் நின்னுச்சு. ஆனா கையும் சேர்ந்து செயலிழந்து போச்சு. நடுங்குற கைக்குப் பதிலா விழுந்துபோன கை. இதை யார் கேட்பாங்க?

5/
1952, நியூயார்க். இர்விங் கூப்பர் என்ற சர்ஜன் ஒரு நோயாளிக்கு வேற ஒரு ஆபரேஷன் பண்ணிட்டிருந்தார். எதிர்பாராம ஒரு சின்ன ரத்தக்குழாய் கிழிஞ்சிடுச்சு. அதை அடைச்சிட்டு, மேல எதுவும் செய்யாம ஆபரேஷனையே நிறுத்திட்டார். நோயாளி கண் முழிச்சப்ப நடுக்கமும் இல்ல, இறுக்கமும் இல்ல, பக்கவாதமும் இல்ல! ஆக, மூளையோட ஆழத்துல ஒரு குறிப்பிட்ட இடத்தை மட்டும் அடக்கினா போதும். ஆனா ரத்தக்குழாயை அடைக்கிறது ஆபத்தான வழி. அப்படிச் செஞ்சதுல சிலர் இறந்தாங்க. அதனால அந்த முறை கைவிடப்பட்டது.

6/
அப்போ மண்டையைப் பெருசா திறக்காம அந்த ஆழத்துக்கு எப்படிப் போறது? வழி ஏற்கெனவே தயாரா இருந்துச்சு. 1947-ல அமெரிக்காவுல ஸ்பீகல், வைசிஸ் ரெண்டு பேரும் மனிதனுக்கான ஸ்டீரியோடாக்டிக் கருவியைக் கொண்டு வந்தாங்க. தலையைச் சுத்தி ஒரு உலோகச் சட்டம். முன்-பின், மேல்-கீழ், இடம்-வலம்னு மூணு அளவு. மண்டையோட்டுல ஒரு சின்ன துளை. அது வழியா மெல்லிய கம்பி. நோயாளி முழிச்சிருக்கும்போதே "கையை நீட்டுங்க"ன்னு சொல்லி, நடுக்கம் அடங்குதான்னு பார்த்து, அந்தப் புள்ளியை மட்டும் சுட்டு அடக்குறது.

7/
இப்ப நம்ம ஊருக்கு வருவோம். சீர்காழியில பிறந்த டாக்டர் பி. ராமமூர்த்தி, 1950-ல சென்னை ஜிஎச்-ல நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். அவரோட டாக்டர்கள் வி. பாலசுப்பிரமணியம், எஸ். கல்யாணராமன், டி.எஸ். கனகா. 1960-கள்ல இந்த அணி ஸ்டீரியோடாக்டிக் சர்ஜரியில உலக அளவுல கட்டுரைகள் எழுதுச்சு. சி.டி. ஸ்கேன் என்ற ஒண்ணு உலகத்துல எங்கேயுமே இல்லாத காலம் அது. மூளையின் உள்ளறைகளுக்குள்ள காற்றையோ சாயத்தையோ செலுத்தி, எக்ஸ்ரே எடுத்து, அளவுகோலால அளந்து கணக்குப் போட்டு இடத்தைக் கண்டுபிடிக்கணும்.

8/
டாக்டர் கனகா பத்தி தனியா சொல்லணும். இந்தியாவின் முதல் பெண் நரம்பியல் அறுவை நிபுணர். 1962 சீனப் போர் சமயத்துல ராணுவத்துல பணியாற்றினவர். நூறு தடவைக்கு மேல ரத்த தானம் செஞ்சவர். 1975-ல, மூளைக்குள்ள மின்முனையை நிரந்தரமா பொருத்துற சிகிச்சையை இந்தியாவுல முதன்முதலா செஞ்சவர். 2018-ல காலமானார். இந்தப் பேர் நம்ம பிள்ளைங்களுக்குத் தெரியணும்.

9/
இதுல ஒரு விஷயத்தைக் கவனிங்க. அன்னைக்கு அந்த ஆபரேஷனுக்குத் தேவைப்பட்டது ஒரு சட்டம், எக்ஸ்ரே மெஷின், பழகின கை, பொறுமை. சட்டத்தை ஒரு தடவை வாங்கினா எத்தனை பேருக்கு வேணும்னாலும் பயன்படுத்தலாம். நோயாளியோட உடம்புக்குள்ள விலை உயர்ந்த பொருள் எதையும் வச்சு அனுப்ப வேண்டியதில்ல. அதனாலதான் ஏழை எளியவங்க வந்து போற பெரியாஸ்பத்திரியில அது சாத்தியமாச்சு.

10/
அப்புறம் மாத்திரை வந்துச்சு. 1967-ல ஜார்ஜ் கோட்ஸியாஸ், லீவோடோபாவை அதிக அளவுல கொடுத்தா நோயாளிகள் எழுந்து நடக்கிறாங்கன்னு காட்டினார். உலகம் முழுக்க இந்த ஆபரேஷன்கள் சட்டுனு குறைஞ்சுது. அதுல தப்பே இல்ல. மாத்திரை கிராமத்துக்கும் போய்ச் சேரும். இன்னைக்கும் முதல் சிகிச்சை அதுதான். இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியல்லயும் இருக்கு.

11/
சிக்கல் சில வருஷம் கழிச்சு வரும். மாத்திரை போட்டா கொஞ்ச நேரம் நல்லா நடப்பார், அடுத்த வேளைக்கு முன்னாடியே உறைஞ்சு போய் உட்கார்ந்துடுவார். டோஸைக் கூட்டினா உடம்பு தன்னால நெளியும், ஆடும். ஒரு நாளுக்குள்ளயே பல தடவை இப்படி மாறி மாறி நடக்கும். இந்தக் கட்டத்துலதான் ஆபரேஷன் மறுபடி தேவைப்பட்டுச்சு.

12/
1987, பிரான்ஸ், கிரெனோபிள் நகரம். சர்ஜன் அலிம் லூயி பெனாபிட். சுடுறதுக்கு முன்னாடி சரியான இடம்தானான்னு பார்க்க, கம்பி வழியா லேசா மின்சாரம் கொடுப்பாங்க. நொடிக்கு 100 துடிப்பு அளவுக்கு வேகமா கொடுத்தப்ப நடுக்கம் அப்படியே நின்னுச்சு. அப்போ ஏன் சுடணும்? கம்பியை உள்ளேயே விட்டு, நெஞ்சுல தோலுக்கு அடியில பேஸ்மேக்கர் மாதிரி ஒரு பேட்டரி வச்சா போதுமே! இதுதான் டிபிஎஸ். ஆழ்மூளைத் தூண்டல். அமெரிக்கா 1997-ல நடுக்கத்துக்கும், 2002-ல பார்க்கின்சன் நோய்க்கும் முழுமையா அனுமதி கொடுத்துச்சு.

13/
நல்ல சிகிச்சையா? சந்தேகமே வேண்டாம். அளவைக் கூட்டலாம், குறைக்கலாம், தேவையில்லன்னா நிறுத்தலாம். மூளையின் ரெண்டு பக்கமும் செய்யலாம். ஆனா அந்தக் கருவி ஒரு ஆளுக்கு ஒண்ணு. விலை பல லட்சம். சாதாரண பேட்டரி சில வருஷத்துல தீர்ந்துடும், திரும்ப மாத்தணும். செலவு சர்ஜனோட கையில இருந்து பெட்டிக்குள்ள போயிடுச்சு. அரசு டாக்டர் சம்பளமே வாங்காம ஆபரேஷன் பண்ணாலும் பெட்டியோட விலை குறையாது.

14/
பணம் மட்டும் இல்ல, தூரமும் இருக்கு. பெங்களூரு நிம்ஹான்ஸ், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை, டெல்லி எய்ம்ஸ் மாதிரி அரசு நிறுவனங்கள்ல டிபிஎஸ் செய்றாங்க. ஆனா ஆபரேஷனோட கதை முடியாது. கருவியோட அளவுகளைச் சரிபண்ண திரும்பத் திரும்பப் போகணும். ராமநாதபுரத்துல இருந்து ஒரு விவசாயி, நடக்கச் சிரமப்படுற நிலைமையில, மகனோட கூலி வேலையையும் கெடுத்துக்கிட்டு எத்தனை தடவை பெங்களூரு போவார்?

15/
"விலையை எல்லாம் குறைக்க முடியுமா டாக்டர்?" முடியும்னு நாம பார்த்திருக்கோம். 2017 பிப்ரவரியில மத்திய அரசு இதய ஸ்டென்ட்டுக்கு உச்சவரம்பு போட்டுச்சு. மருந்து தடவிய ஸ்டென்ட் ஒரே நாள்ல 30,000 ரூபாய்க்குக் கீழ வந்துச்சு. அதே வருஷம் முழங்கால் மூட்டுக் கருவிக்கும் வந்துச்சு. இதய நோயாளிகள் நிறைய பேர், அவங்க குரல் கேட்டுச்சு. நடுக்குவாதக்காரர் குரலே தாழ்ந்து போற நோயாளிங்க. அவங்களுக்காக நாமதான் பேசணும்.

16/
இன்னொண்ணு. பழைய சுடும் முறை செத்துப் போகல. இப்ப எம்.ஆர்.ஐ. துணையோட இன்னும் துல்லியமா செய்றாங்க. பேட்டரி கிடையாது, அடிக்கடி அலைச்சல் கிடையாது. குறை என்னன்னா, ஒருமுறை சுட்டதைத் திருப்ப முடியாது, ரெண்டு பக்கமும் செஞ்சா பேச்சு பாதிக்கலாம். அதனால பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும்தான். ஆனா ஒரு கை நடுக்கத்தால சோறு பிசைஞ்சு சாப்பிட முடியாத ஆளுக்கு அதுவே பெரிய விடுதலை. 'டிபிஎஸ், இல்லைன்னா ஒண்ணுமில்ல' என்ற நிலைமை இல்ல.

17/
யாருக்குப் பலன்? லீவோடோபாவுக்கு நல்லா கேட்கிற நோயாளி, ஆனா அதோட ஏற்ற இறக்கத்தால அவதிப்படுறவர். ஞாபகமறதி அதிகமா இருந்தாலோ, மாத்திரைக்கு முதல்ல இருந்தே கேட்காம இருந்தாலோ பலன் குறைவு. இது நோயைக் குணப்படுத்தாது, அறிகுறிகளைத்தான் அடக்கும். ரத்தக்கசிவு, கிருமித்தொற்று ஆபத்தும் கொஞ்சம் உண்டு. "100% குணம்"னு விளம்பரம் பார்த்தா ஓடிடுங்க.

18/
உங்க வீட்டுல செய்ய வேண்டியது: ஒரு பக்கக் கை நடுக்கம், நடக்கும்போது ஒரு கை வீசாம இருக்கிறது, கையெழுத்து சின்னதாகிட்டே போறது. இதுல எது இருந்தாலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோட நரம்பியல் ஓபிக்குக் கூட்டிட்டுப் போங்க. மாத்திரையை நேரம் தவறாம கொடுங்க, நீங்களா நிறுத்தாதீங்க. ஏற்ற இறக்கம் ஆரம்பிச்சா, "ஆபரேஷனுக்கு இவர் பொருத்தமா? காப்பீட்டுத் திட்டத்துல வருமா?"ன்னு வாய் திறந்து கேளுங்க. படுத்த படுக்கையான பிறகு கேட்டா காலம் கடந்திருக்கும்.

19/
அரசாங்கத்துக்கிட்ட நாம கேட்க வேண்டியது மூணு: கருவிக்கு விலை வரம்பு, சுடும் முறையில அரசு சர்ஜன்களுக்குப் பயிற்சி, ஆபரேஷனுக்குப் பிறகான கவனிப்பு மாவட்ட அளவுல. ஸ்கேன்கூட இல்லாத காலத்துல ஒரு அரசு ஆஸ்பத்திரி அளவுகோலை வச்சு ஆரம்பிச்ச வேலை இது. இன்னைக்கு ஸ்கேன் இருக்கு, டாக்டர்கள் இருக்காங்க, மருத்துவக் கல்லூரிகள் இருக்கு. கேட்கிற சத்தம்தான் குறைவா இருக்கு. தெரிஞ்சவங்களுக்குப் பகிருங்க.