குதிரைக்கு மெத்தை போடுறீங்களா? மூட்டை விலையைப் பார்க்காதீங்க... மாசக் கணக்கைப் பாருங்க!

ஆடி மாசம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவில் கூடும் குதிரைச் சந்தையை ரீல்ஸில் பார்த்திருப்பீங்க. மார்வாரி, கத்தியவாரி என்று காது வளைந்த குதிரைகள் துள்ளுவதைப் பார்த்தால் யாருக்குத்தான் ஆசை வராது? தெக்கத்திப் பக்கமும் ரேக்ளாவுக்கு, கல்யாண ஊர்வலத்துக்கு, சும்மா ஆசைக்கு என்று குதிரை வாங்கும் இளைஞர்கள் இருக்காங்க. வாங்கியாச்சு, பேர் வெச்சாச்சு, போட்டோவும் போட்டாச்சு. சரி, ராத்திரி அது எதுல படுக்கும்?

`குதிரை நின்னுக்கிட்டே தூங்குமே, அதுக்கு எதுக்குப் படுக்கை?' என்பதுதான் நிறைய பேர் சொல்லும் பதில். பாதிதான் உண்மை. கால் மூட்டுகளைப் பூட்டிக்கொண்டு குதிரையால் நின்றபடி கண்ணயர முடியும். ஆனால், கனவு வரும் ஆழ்ந்த தூக்கத்துக்கு அது படுத்தே ஆகணும். ஒரு நாளைக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் போதும். தரை கட்டாந்தரையாகவோ ஈரமாகவோ இருந்தால் அது படுக்காது. நாள் கணக்கில் இப்படிப் போனால், நின்ற நிலையிலேயே தூக்கம் தள்ளி, முழங்கால் மடங்கி விழும் குதிரைகளும் உண்டு.

பராமரிப்பு தெரியாமல் குதிரையை இழந்த கதை நம்ம பகுதிக்குப் புதுசு இல்லை. 13-ம் நூற்றாண்டில் பாண்டியர்கள் அரபு, பாரசீகக் குதிரைகளைக் கப்பல் கப்பலாக இறக்கிய துறைமுகம், தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் இருந்த காயல். அங்கே வந்த மார்க்கோ போலோ, குதிரைகளைக் கவனிக்கத் தெரிந்த ஆட்கள் இல்லாமல் அவை ஏராளமாகச் செத்துப்போவதையும், வருஷா வருஷம் புதுசு வாங்கிக்கொண்டே இருப்பதையும் எழுதிவைத்திருக்கிறார். பாண்டியருக்குக் கஜானா இருந்தது. நமக்கு?

லாயத்துக்குள்ள என்ன நடக்குது?

450 கிலோ எடையுள்ள குதிரை ஒரு நாளைக்குச் சுமார் 15 முதல் 20 கிலோ லத்தி போடும். கூடவே பல லிட்டர் மூத்திரம். அந்த மூத்திரத்தில் இருக்கும் யூரியாவைப் பாக்டீரியாக்கள் உடைக்கும்போது அம்மோனியா வாயு கிளம்பும். லாயத்துக்குள் நுழைந்ததும் கண்ணைக் கரிக்கும் அந்த நெடி இதுதான். படுத்திருக்கும் குதிரையின் மூக்கு தரையை ஒட்டியே இருப்பதால், அந்தக் காற்றைத்தான் மணிக்கணக்கில் சுவாசிக்கும். நுரையீரல் கெட்டால் ஓட்டமும் போச்சு.

அடுத்தது குளம்பு. குளம்பின் அடியில் முக்கோண வடிவில் மெத்தென்று ஒரு பகுதி இருக்கும். ஈரத்திலும் லத்தியிலும் நின்றுகொண்டே இருந்தால் அங்கே கறுப்பாகக் கசிந்து, அழுகல் நாற்றம் அடிக்கும் `த்ரஷ்' என்ற நோய் வரும். விட்டால் நொண்டத் தொடங்கிவிடும்.

ஆக, படுக்கை என்பது மூன்று வேலை செய்யணும். ஈரத்தை உறிஞ்சணும், மெத்தென்று இருக்கணும், தூசி கிளப்பக் கூடாது. அதோடு, குதிரை தின்றுவிடாததாக இருந்தால் இன்னும் நல்லது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. தப்பானதைத் தின்று வயிற்றுவலி வந்தால் உயிருக்கே ஆபத்து.

சங்கரன்கோவில் சுற்றுவட்டாரத்தில் என்னென்ன கிடைக்கும்?

வைக்கோல்: மெத்தென்று இருக்கும், கதகதப்பு தரும், சீக்கிரம் மக்கி எருவாகும். குட்டி ஈனப்போகும் குதிரைக்கு நீள வைக்கோல்தான் சரி. தூள் வகைகள் என்றால் ஈரமான குட்டியின் மூக்கிலும் வாயிலும் ஒட்டிக்கொள்ளும். மைனஸ் என்ன? தன் எடையைப்போல இரண்டு மடங்கு அளவுக்குத்தான் ஈரத்தை உறிஞ்சும். மாட்டுத் தீவனத்துக்கும் இதுக்கேதான் போட்டி என்பதால் கோடையில் விலை ஏறும். சில குதிரைகள் படுக்கையையே தின்று தீர்த்துவிடும். பூஞ்சை வாடை அடிக்கும் கட்டை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீங்க.

உமி: ரைஸ்மில்லில் மலிவாகக் கிடைக்கும். ஆனால், அதன் மேல்பரப்பு வழவழப்பானது, ஈரத்தை அவ்வளவாக உறிஞ்சாது. மூத்திரம் நேராகக் கீழே இறங்கித் தரையில் தேங்கும். சிலிகா அதிகம் என்பதால் மக்கவும் நாளாகும். நன்றாக வடியும் தரை இருந்தால் மட்டும் யோசிக்கலாம். உமியை அள்ளித் தின்னும் பழக்கம் உள்ள குதிரைக்கு வேண்டவே வேண்டாம்.

மரச்சீவல், மரத்தூள்: பாவூர்சத்திரம், செங்கோட்டை பக்கம் மர அறுவை மில்கள் இருப்பதால் நமக்கு இது வசதி. இழைக்கும்போது விழும் சுருள் சீவல் நல்லது. மாவு மாதிரியான தூள் வேண்டாம், மூக்கில் ஏறும். பிளைவுட், பசை, பாலிஷ், மருந்து அடித்த மரம் இதெல்லாம் கலந்த ஃபர்னிச்சர் கடைக் கழிவைத் தொடவே கூடாது. மூட்டைக்குள் கைவிட்டுத் துழாவிப் பாருங்க, ஆணிகூடக் கிடக்கலாம்.

தென்னை நார்த்தூள்: தென்காசி மாவட்டத்தில் தென்னைக்குப் பஞ்சமில்லை. கயிறு மில்களில் ஒதுங்கும் இந்தத் தூள், தன் எடையைப்போல 6 முதல் 8 மடங்கு வரை தண்ணீரைப் பிடித்துவைக்கும். மாடித்தோட்டத்துக்கு விற்கும் அழுத்திய கட்டி இதுக்குச் சரிவராது, அதை ஊறவைத்தால்தான் உதிரும். மில்லில் காயவைத்த உதிரித் தூளைக் கேளுங்க. சிக்கல் இரண்டு. ரொம்பக் காய்ந்தால் புழுதி பறக்கும். நிறம் அடர்பழுப்பு என்பதால் எங்கே நனைந்திருக்கு என்று கண்ணுக்குத் தெரியாது, கையால் தொட்டுத்தான் பார்க்கணும்.

ரப்பர் மேட்: முதலீடு அதிகம், ஆனால் வருஷக்கணக்கில் உழைக்கும். சிமென்ட் தரையின் கடினத்தை இது தாங்கிக்கொள்வதால் மேலே போடும் பொருளின் அளவைக் குறைக்கலாம். மேட் மட்டுமே போதும் என்று நினைக்காதீங்க. அது மூத்திரத்தை உறிஞ்சாது.

இதெல்லாம் வேண்டவே வேண்டாம்!

ஆற்றுமணலைப் பரப்பினால், கீழே சிந்திய தீவனத்தோடு மணலும் வயிற்றுக்குள் போய்ச் சேர்ந்து வலியைக் கொடுக்கும். விசைத்தறிக் கூடத்துப் பஞ்சு, நூல் கழிவு ஓசியில் கிடைத்தாலும் தவிர்த்துடுங்க. தின்றால் குடலில் சிக்கலாம். காய்ந்த இலைகளை அள்ளிப் போடுவதாக இருந்தால் இன்னும் கவனம். பூ சாகுபடி நடக்கும் ஊர் நம்மளது. அரளி இலை காய்ந்தாலும் அதில் விஷம் அப்படியே இருக்கும். கொஞ்சம் உள்ளே போனாலே குதிரையின் இதயத்தை நிறுத்திவிடும்.

கணக்கு எப்படிப் போடுறது?

வழக்கமான லாயம் 12-க்கு 12 அடி. 4 அங்குல உயரத்துக்குப் படுக்கை போட்டால் 48 கன அடி பொருள் தேவை. உமியாக இருந்தால் கிட்டத்தட்ட 140 கிலோ. இது முதல் நாள் செலவு மட்டும்தான். பர்ஸைக் கரைப்பது தினமும் அள்ளிப்போட்டுவிட்டுப் புதுசாகச் சேர்க்கும் அளவு.

உதாரணத்துக்கு, ஒரு பொருள் மூட்டை 100 ரூபாய், தினம் ஒரு மூட்டை சேர்க்கணும் என்று வைத்துக்கொள்வோம். மாசம் 3,000 ரூபாய். இன்னொன்று மூட்டை 200 ரூபாய், ஆனால் 3 நாளைக்கு ஒரு மூட்டை போதும். மாசம் 2,000 ரூபாய்தான். இரண்டு மடங்கு விலைக்கு வாங்கியது 1,000 ரூபாயை மிச்சப்படுத்துது. இந்த எண்கள் சும்மா கணக்குக்கு. உங்க ஊர் விலையைப் போட்டு, வண்டி வாடகையையும் சேர்த்துப் பாருங்க. இரண்டு பொருளை ஆளுக்குப் பத்து நாள் போட்டுப் பார்த்து, எத்தனை மூட்டை செலவாச்சு என்று போனில் குறித்துவைத்தால் விடை தானா வந்துடும்.

காசு மிச்சமாகும் 4 பழக்கங்கள்

1. தரையில் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு 2 அங்குலம் சரிவு கொடுத்து, வெளியே ஓடை வையுங்க. தேங்காத ஈரத்துக்கு மூட்டை செலவாகாது.

2. காலை, மாலை இரண்டு வேளையும் லத்தியையும் நனைந்த திட்டையும் மட்டும் அள்ளுங்க. ஓரத்தில் காய்ந்திருப்பதை நடுவுக்குத் தள்ளிவிடுங்க.

3. ஆனி, ஆடியில் செங்கோட்டை கணவாய் வழியா அடிக்கும் காற்று சாதாரணமானது இல்லை. அந்த மாசங்களில் நார்த்தூளின் மேல் லேசாகத் தண்ணீர் தெளியுங்க. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன்பே தேவையான மூட்டைகளைப் பலகை மேல் அடுக்கி மூடிவையுங்க.

4. அள்ளியதைக் குப்பையில் கொட்டாதீங்க. குழியில் போட்டு மக்கவைத்தால் தோட்டத்துக்கு நல்ல எரு. உமி, நார்த்தூள் கலந்தது மக்க அதிக மாதம் பிடிக்கும். மக்காமல் வயலில் போட்டால் மண்ணிலுள்ள தழைச்சத்தை அதுவே இழுத்துக்கொள்ளும்.

அப்போ எதைத்தான் வாங்குறது?

சங்கரன்கோவில் பக்கம், சிமென்ட் தரை, ஒரே ஒரு குதிரை என்றால் ரப்பர் மேட்டுக்கு மேலே நார்த்தூளோ மரச்சீவலோ போடுவது பெரும்பாலும் கட்டுப்படியாகும். உங்க வீட்டிலேயே வைக்கோல் இருக்கா? அப்போ அதுவே போதும், தாராளமாகப் போடுங்க. இருமல், மூக்கொழுக்கு, நொண்டல் தெரிந்தால் படுக்கையை மாற்றிப் பார்த்துக்கொண்டே நாளைக் கடத்த வேண்டாம். திருநெல்வேலி - சங்கரன்கோவில் சாலையிலேயே, ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு.

கடைசியா ஒரு டெஸ்ட். இன்னைக்கு ராத்திரி லாயத்துக்குள் போய், குதிரை படுக்கும் இடத்தில் ஒரு நிமிஷம் முட்டிபோட்டு உட்காருங்க. கண் கரிக்குதா? முட்டி நனையுதா? ரெண்டுல ஒண்ணு `ஆமா' என்றால், மூட்டை எவ்வளவு மலிவாக வாங்கியிருந்தாலும் அது நஷ்டக் கணக்குதான்!