பந்து சுலபம், மைதான் கஷ்டம்: பால்பாயிண்ட் பேனாவின் கதை

பால்பாயிண்ட் பேனாவைக் கண்டுபிடித்தவர் யார்? பொது அறிவுப் புத்தகங்களைப் புரட்டினால் சிலவற்றில் ஜான் லவுட் என்று இருக்கும், சிலவற்றில் லாஸ்லோ பீரோ என்று இருக்கும். ஒருவர் அமெரிக்கர், மற்றவர் ஹங்கேரிக்காரர். இரண்டு பேருக்கும் நடுவே சரியாக 50 வருட இடைவெளி! இரண்டு விடையுமே ஒரு வகையில் சரிதான். அந்த 50 வருடம் ஏன் வீணாகப் போனது என்பதுதான் சுவாரசியமான விஷயம்.

லவுட் 1888 அக்டோபர் 30 அன்று காப்புரிமை பெற்றார். அவருக்குத் தேவைப்பட்டது கடிதம் எழுதும் பேனா அல்ல. தோல், மரம், முரட்டுக் காகிதம் போன்றவற்றின் மேல் குறி போட ஒரு கருவி வேண்டும், அவ்வளவுதான். முனையில் சுழலும் ஒரு சிறு பந்து, அதற்குப் பின்னால் மை. தோலில் நன்றாகவே எழுதியது. சாதாரணக் காகிதத்தில் வைத்தால் வேலைக்கு ஆகவில்லை. யாரும் வாங்கித் தயாரிக்காமல் அந்தக் காப்புரிமை அப்படியே காலாவதியானது.

ஆக, பந்து 1888லேயே வந்துவிட்டது. வராமல் இருந்தது மை.

இதைப் புரிந்துகொள்ள மைப் பேனாவைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். லூயிஸ் வாட்டர்மேன் 1884ல் காப்புரிமை பெற்ற பேனாவில் நிப்புக்கு அடியில் ஒரு கட்டை இருந்தது. அதில் மெல்லிய பள்ளங்கள். மை அந்தப் பள்ளம் வழியாக வெளியே வர, அதே வழியில் காற்று உள்ளே போகும். காற்று போகாவிட்டால் மை வராது, அதிகமாகப் போனால் சட்டைப் பை நாசம். இந்தக் கணக்கு முழுவதும் தண்ணீர் போல ஓடும் மைக்காகப் போடப்பட்டது. அதே மையைப் பந்துக்குப் பின்னால் ஊற்றினால் பந்தைச் சுற்றி ஒழுகிவிடும். ஒழுகக் கூடாது என்று கெட்டியாக்கினால் பந்து அடைத்துக்கொள்ளும். வெயிலில் ஒழுகும், குளிரில் உறையும். 1888க்குப் பிறகு பலர் முயன்று பார்த்து இந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டார்கள்.

லாஸ்லோ பீரோ (நம் வீட்டில் துணி வைக்கும் பீரோ இல்லை!) 1899ல் புடாபெஸ்டில் பிறந்தவர். பத்திரிகையாளர். அச்சகத்தில் செய்தித்தாளின் மை சட்டென்று காய்ந்துவிடுவதையும், தன் பேனா மை காகிதத்தில் ஈரமாகவே நின்று கையில் இழுபடுவதையும் கவனித்தார். அச்சு மையைப் பேனாவில் ஊற்றினால் என்ன? ஊற்றினால் நிப்பு வரை வந்து சேராது, அவ்வளவு கெட்டி. அதை இழுத்து வர ஒன்று வேண்டும். அதற்காகத்தான் அவர் பந்துக்குப் போனார். லவுட் பந்திலிருந்து மையைத் தேடினார், பீரோ மையிலிருந்து பந்துக்கு வந்தார். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. மையின் பக்குவத்தைப் பிடிக்க, வேதியியல் தெரிந்த அண்ணன் ஜியார்ஜ் உதவினார். 1938ல் காப்புரிமை.

அதே 1938ல்தான் ஹங்கேரியில் யூதர்களுக்கு எதிரான சட்டங்கள் வந்தன. பீரோ யூதக் குடும்பத்தில் பிறந்தவர். நாட்டை விட்டு பாரிசுக்குப் போய், அங்கிருந்து போர் நடுவில் அர்ஜென்டினாவுக்குத் தப்பினார். நண்பர் மெய்னும் உடன் வந்தார். 1943ல் அங்கே புதிய காப்புரிமைக்கு விண்ணப்பித்து, இரண்டு பெயரையும் சேர்த்து 'பீரோமே' என்று பேனாவை விற்றார்கள். அர்ஜென்டினாவில் இன்றும் பால்பாயிண்டுக்கு அதுதான் பெயர். பிரிட்டிஷ் விமானப்படை சுமார் 30,000 பேனாக்களுக்கு ஆர்டர் கொடுத்தது. மேலே போகப் போக காற்றழுத்தம் குறையும், மைப் பேனா ஒழுகும், விமானிகளுக்கு அது பெரிய தொல்லை.

1945ல் அமெரிக்க உரிமையை எவர்ஷார்ப், எபர்ஹார்ட் ஃபேபர் என்ற இரு நிறுவனங்கள் 5 லட்சம் டாலருக்கு வாங்கின. அவை பேனாவைக் கொண்டுவருவதற்குள் சிகாகோ வியாபாரி மில்டன் ரெனால்ட்ஸ் முந்திக்கொண்டார். பியூனஸ் அயர்ஸில் இந்தப் பேனாவைப் பார்த்தவர், காப்புரிமையில் சிக்காதபடி மை தன் எடையாலேயே இறங்கும் வகையில் மாற்றி, 1945 அக்டோபர் 29 அன்று நியூயார்க்கின் கிம்பல்ஸ் கடையில் விற்பனைக்கு வைத்தார். விலை 12.50 டாலர். முதல் நாளே ஏறக்குறைய 10,000 பேனாக்கள் போயின! தண்ணீருக்கு அடியிலும் எழுதும் என்று விளம்பரம். காகிதத்தின் மேல் ஒழுங்காக எழுதியதா என்பது வேறு கதை. ஒழுகியது, விட்டுவிட்டு எழுதியது, மக்கள் திருப்பிக் கொண்டுவந்தார்கள். சில வருடங்களில் விலை ஒரு டாலருக்கும் கீழே இறங்கி மொத்தச் சந்தையும் நாறிப்போனது. பீரோவின் கண்டுபிடிப்பைப் பிரபலமாக்கியவரும் பெயரைக் கெடுத்தவரும் ஒருவரே.

மறுபடி மைதான் காப்பாற்றியது. வேலை இழந்த ஃபிரான் சீச் என்ற வேதியியலாளர் உருவாக்கிய, சட்டென்று காயும் மையை பாட்ரிக் ஃபிராலி வாங்கி 1949ல் பேப்பர் மேட் பேனாவைக் கொண்டுவந்தார். அதுவரை காசோலையில் பால்பாயிண்ட் கூடாது என்று முகம் சுளித்த வங்கிகள் மெல்ல இறங்கிவந்தன. பிரான்சில் மார்செல் பிக், பீரோவின் காப்புரிமையைப் பயன்படுத்தும் உரிமையைப் பெற்று, 1950 டிசம்பரில் 'பிக் கிறிஸ்டல்' பேனாவை வெளியிட்டார். ஆறு பட்டை, மை தெரியும் தண்டு, பக்கத்தில் காற்றுக்கு ஒரு சின்னத் துளை. 2006க்குள் 10,000 கோடி பேனாக்கள் விற்றன.

பள்ளிக்கூடங்கள் மட்டும் லேசில் மசியவில்லை. பிரான்சிலேயே 1965ல்தான் அரசு அனுமதித்தது. தமிழ்நாட்டிலும் பால்பாயிண்டில் எழுதினால் கையெழுத்து கெட்டுப்போகும் என்று வாத்தியார்கள் பிடுங்கி வைத்த காலம் உண்டு. அதில் கொஞ்சம் நியாயமும் இருந்தது. மைப் பேனாவைச் சாய்த்துப் பிடித்தால் போதும், அழுத்தவே வேண்டாம். பந்து உருள வேண்டும் என்றால் பேனாவை நிமிர்த்தி அழுத்த வேண்டும். மூன்று மணி நேரப் பரீட்சைக்குப் பிறகு விரல் வலிப்பதற்குக் காரணம் இதுதான். ஆனால் 1980களில் வெள்ளைத் தண்டும் நீல மூடியுமாக ரெனால்ட்ஸ் 045 சென்னையில் தயாராகத் தொடங்கியதும் அந்த வாதம் எடுபடவில்லை. ஆம், அதே மில்டன் ரெனால்ட்ஸின் பெயர்தான், பிரான்ஸ் வழியாக வந்து சேர்ந்தது.

அழுத்தும் தொல்லைக்கு ஜப்பானில் வழி பிறந்தது. 1960களில் அங்கே வந்த ரோலர்பாலில் பந்து அப்படியே இருந்தது, கெட்டி மையை மட்டும் எடுத்துவிட்டுத் தண்ணீர் மையை வைத்தார்கள். கை வலிக்காது, வழுக்கிக்கொண்டு போகும். பதிலுக்கு மை சீக்கிரம் தீரும், மூடி போட மறந்தால் காய்ந்துவிடும், எழுதிய தாளில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் விடை போச்சு.