இரைச்சல் அடங்கிய வரலாறு: மோடம் ஒலியும் தமிழகக் கரையோர இணையமும்

தொலைபேசிக் கம்பி வழியே இணையம் வந்த ஆண்டுகளில், ஒவ்வொரு முறை இணையும்போதும் மோடம் கீச்சிட்டது. பிறகு கரகரவென்று இரைந்தது. வீட்டில் உறங்குபவரை எழுப்பாமல் அந்தச் சத்தத்தை எப்படி அடக்குவது என்பது கணினி வாங்கியவர் பலரும் கேட்ட கேள்வி. அடக்குவதற்கான கட்டளை 1980களின் தொடக்கத்திலேயே பிறந்துவிட்டது. ஆனால் இந்தியத் தொலைபேசி லைன்களில் அந்தச் சத்தத்தைக் காதுகொடுத்துக் கேட்க வலுவான காரணங்கள் இருந்தன. மோடத்தின் ஒலி, நம்பமுடியாத லைனைக் கண்காணிக்கும் கருவியாக இருந்தது என்பதும், வலைப்பின்னல் திருந்தத் திருந்தவே அது தேவையற்றுப்போனது என்பதும் இக்கட்டுரையின் துணிபு. சான்றுகள் சென்னை, மதுரை, புதுச்சேரி, இராமநாதபுரம் கரை ஆகிய இடங்களிலிருந்து எடுக்கப்படுகின்றன.

காதின் வேலையை ஏற்ற கருவி

தொடக்ககால மோடங்களில் மனிதரே எண்ணைச் சுழற்றினார். மறுமுனையில் கணினியின் கீச்சொலி கேட்டதும், ரிசீவரை இரண்டு ரப்பர்க் கிண்ணங்களில் பொருத்தி வைத்தார். எங்கேஜ் ஒலி வந்தாலோ, தவறான எண்ணில் யாராவது பேசினாலோ அவர் காது உடனே கண்டுகொண்டது.

1981இல் அமெரிக்காவின் ஹேய்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஸ்மார்ட்மோடம் இந்த வேலையை மாற்றியது. டென்னிஸ் ஹேய்ஸும் டேல் ஹெதரிங்டனும் உருவாக்கிய அக்கருவி, கணினி அனுப்பும் எழுத்துக் கட்டளைகளைப் படித்துத் தானே எண்ணை அழைத்தது. ரிசீவர் மனிதர் கையில் இல்லாததால், லைனில் நடப்பதை அறிவிக்கச் சிறு ஒலிபெருக்கி ஒன்று உள்ளே வைக்கப்பட்டது.

அந்த ஒலிபெருக்கியை ஆளும் கட்டளைகளும் உடன் வந்தன. ‘எம்0’ என்றால் முழு அமைதி. ‘எம்1’ என்றால் இணைப்பு உறுதியாகும்வரை மட்டும் ஒலி. ‘எம்2’ என்றால் எப்போதும் ஒலி. ஒலியின் அளவைக் கூட்டவும் குறைக்கவும் ‘எல்’ வரிசைக் கட்டளைகள் பின்னர் வழக்கத்துக்கு வந்தன. மற்ற நிறுவனங்களும் இதே கட்டளைமுறையைப் பின்பற்றியதால், ‘எம்1’ உலகெங்கும் இயல்புநிலையாயிற்று. விண்டோஸ் 95 வந்தபோது மோடம் அமைப்புப் பக்கத்தில் ஒலி அளவைக் குறைக்கும் நகர்த்தி ஒன்றும், கூடுதல் கட்டளை எழுதும் பெட்டி ஒன்றும் இருந்தன. நகர்த்திக்குக் கட்டுப்படாத மோடத்தை, பெட்டியில் ‘எம்0’ என்று எழுதி அடக்கினார்கள்.

இரைச்சலுக்குள் இருந்த செய்தி

அந்த இரைச்சலின் ஒவ்வொரு பகுதிக்கும் பொருள் உண்டு. டயல் டோனும் எண்கள் அழைக்கப்படும் ஒலியும் மணி ஒலியும் முடிந்ததும், மறுமுனை மோடம் 2,100 ஹெர்ட்ஸ் அளவில் நீண்ட கீச்சொலி ஒன்றை எழுப்பும். லைனில் உள்ள எதிரொலித் தடுப்பிகளை விலக்குவது அதன் வேலை. அடுத்து இரு மோடங்களும் தாம் அறிந்த வேகங்களை அறிவித்துக்கொள்ளும். 1994இல் வந்த வி.34 முறைப்படி, பல அலைவரிசைகளை ஒரேசமயம் ஒலித்துக் கம்பியின் தரத்தை அளந்தும் பார்க்கும். கடைசியில் கேட்கும் கரகரப்பு, அந்தக் கம்பிக்கு ஏற்றபடி இரண்டும் தம்மைச் சீரமைத்துக்கொள்ளும் கட்டம்.

பழகிய காதுக்கு இது தெளிவான செய்தி. கீச்சொலி மீண்டும் மீண்டும் தொடக்கத்துக்கே திரும்பினால் லைன் சரியில்லை; எங்கேஜ் ஒலி வந்தால் மறுபடி முயல வேண்டும். ‘எம்0’ இட்டவருக்குத் திரையில் வரும் பிழைச்செய்தி மட்டுமே துணை.

1995க்குப் பின் தமிழகத்தில்

1995 ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் தொடங்கியது. தேவைக்கு ஏற்ற லைன்கள் இல்லாததால், ஆரம்ப மாதங்களில் எங்கேஜ் ஒலியே பலருக்குப் பதிலாகக் கிடைத்தது. கிழக்குக் கரையின் பழந்துறைமுகமான தொண்டியிலிருந்து அப்போது இணையத்தை எட்ட, சென்னை எண்ணை எஸ்.டி.டி. எனப்பட்ட தொலைதூர அழைப்பில் தொடர்புகொள்வதே வழி. இரவு ஏற ஏற எஸ்.டி.டி. கட்டணம் இறங்கியது. மலிவான நேரமும் வீடு உறங்கும் நேரமும் ஒன்றாக அமைந்ததால், மோடத்தின் ஒலி குடும்பத்துக்குள் ஒரு சிக்கலாயிற்று.

இந்திய லைன்களுக்கே உரிய தடை இன்னொன்றும் இருந்தது. இந்திய டயல் டோன் 400 ஹெர்ட்ஸை அடிப்படையாகக் கொண்டது. அமெரிக்க மோடங்களோ 350, 440 ஹெர்ட்ஸ் இணைந்த ஒலியை எதிர்பார்த்தன. டோன் தெளிவாகக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே “டயல் டோன் இல்லை” என்று மோடம் சொல்லிவிடும். டோனுக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று ‘எக்ஸ்3’ கட்டளையால் தெரிவிப்பது பரிகாரம். கருவி சொல்வது உண்மையா என்று சோதிக்க, பயனருக்கு அந்த ஒலிபெருக்கி உதவியது. இதே காலத்தில் வலைப்பின்னலும் திருந்தத் தொடங்கியது: பழைய இயந்திர இணைப்பகங்களுக்குப் பதில் மின்னணு இணைப்பகங்கள் பரவின. 1984இல் நிறுவப்பட்ட அரசுத் தொலைத்தொடர்பு ஆய்வு அமைப்பான சி-டாட் உருவாக்கிய ஊரக இணைப்பகங்கள் அம்மாற்றத்தைச் சிற்றூர்களுக்குக் கொண்டுசென்றன.

1998 நவம்பரில் புதிய இணையக் கொள்கை தனியாருக்கு வழிதிறந்தது. சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்ஃபோவே அந்த ஆண்டே சேவையில் இறங்கியது.

மோடமே வேண்டாத வழி

ஒலியை வேரோடு நீக்கும் முயற்சி ஒன்று சென்னை ஐ.ஐ.டி.யில் நடந்தது. அசோக் ஜுன்ஜுன்வாலா தலைமையிலான குழு, கூட்டு நிறுவனங்களுடன் சேர்ந்து கார்டெக்ட் என்ற கம்பியில்லா இணைப்புமுறையை வடிவமைத்தது. வீட்டிலிருந்து இணைப்பகம்வரை தகவல் எண்முறையிலேயே சென்றதால், அதை ஒலியாக மாற்றும் மோடத்துக்கு இடமில்லை. விநாடிக்கு 35 கிலோபிட் வேகத்தில் இணையமும் கூடவே பேச்சும் கிடைத்தன. பேச்சு இல்லாதபோது வேகம் 70 கிலோபிட். 2001 நவம்பரில் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரக் கிராமங்களில் தொடங்கிய சாரி என்ற ஊரக இணையத் திட்டம் இதையே பயன்படுத்தியது. அங்கே முதன்முதலாக இணையத்தைக் கண்ட பலருக்கு மோடத்தின் கீச்சொலி அறிமுகமே ஆகவில்லை.

புதுச்சேரியில் கதை வேறு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் நடத்திய கிராமத் தகவல் மையங்களில், வில்லியனூர் நடுமையம் தொலைபேசி வழி இணையத்தோடு இணைந்தது. கிராமங்களுக்கு அங்கிருந்து வானொலிக் கருவி மூலம் தகவல் போனது. அமெரிக்கக் கடற்படையின் தளத்திலிருந்து பெற்ற அலை உயர முன்னறிவிப்பு, வீராம்பட்டினம் மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. மோடத்தின் இரைச்சல் கடலுக்குப் போகிறவர் உயிர்காக்கும் சொல்லாக மாறியது இங்கே.

அதே நிறுவனமும் இஸ்ரோவும் சேர்ந்து அமைத்த கிராம வள மையங்களில் ஒன்று, 2004 அக்டோபர் 18 அன்று பாம்பன் தீவின் தங்கச்சிமடத்தில் திறக்கப்பட்டது. செம்பட்டி, திருவையாறு மையங்களும் அன்றே தொடங்கின. செயற்கைக்கோள் வழி இயங்கிய அவற்றுக்குத் தொலைபேசி அழைப்பு தேவைப்படவில்லை.

2004ஆம் ஆண்டின் அகலப்பட்டைக் கொள்கை 256 கிலோபிட்டைக் குறைந்தபட்ச வேகமாக வகுத்தது; 2005இல் பி.எஸ்.என்.எல். தன் அகலப்பட்டைச் சேவையைத் தொடங்கியது. அது பழைய செம்புக் கம்பியையே பயன்படுத்தியது. ஆனால் தகவல் காதுக்கு எட்டாத உயர் அலைவரிசையில் ஓடியதால், இணையமும் தொலைபேசிப் பேச்சும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யவில்லை.

முடிவு

‘எம்0’ கட்டளை ஒலிபெருக்கியை அணைத்ததே தவிர, லைனில் ஓடிய ஒலியை அணைக்கவில்லை. அடுத்த அறையில் இணைத்தொலைபேசியை எடுத்தவர் அதே இரைச்சலைக் கேட்டார்; அந்தக் கணமே இணைப்பும் அறுந்துபோகக்கூடும். உண்மையான அமைதியைத் தந்தவை எண்முறை இணைப்பும் செயற்கைக்கோளும் உயர் அலைவரிசையும்தான்.

இம்மாற்றத்தின் பெருநகரப் பகுதி ஓரளவு எழுதப்பட்டுள்ளது; கரையோர ஊர்களின் பகுதி எழுதப்பட வேண்டும். தொண்டி, தங்கச்சிமடம், இராமநாதபுரம் பகுதிகளில் எஸ்.டி.டி. பூத்தும் பிரவுசிங் சென்டரும் நடத்தியவர்கள், இணைப்பகங்களில் பணியாற்றியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களின் நினைவுகளையும், பரணில் கிடக்கும் மோடங்களையும் தொலைபேசி ரசீதுகளையும் கல்லூரிகளும் உள்ளூர் வரலாற்று ஆர்வலர்களும் இப்போதே திரட்டிப் பாதுகாக்க வேண்டும்.